சுவரின் இடது கால்

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும், அவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது காலை நீட்டிவிடுவார். மனைவி எதிரே சின்ன முக்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, கைப்பேசி வெளிச்சத்தில் விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். ஒன்பது வருஷமாக இதுதான் வழக்கம். கல்யாணமான புதிதில்கூட அந்தக் கதவு இவ்வளவு ஒழுங்காகச் சாத்தப்பட்டதில்லை.

அந்தக் காலுக்கு உணர்ச்சி கிடையாது. கணுக்காலுக்குக் கீழே சுடுதண்ணீரும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான். ஒரு தடவை மகளுடைய கிளிப் ஒன்று ஷூவுக்குள் விழுந்து கிடந்தது. காலையில் மாட்டிக்கொண்டு போனவர் நாள் முழுக்க மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்து கழற்றினால், சாக்ஸ் ரத்தத்தில் ஊறியிருந்தது. இவர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த மாலைச் சோதனை.

வெளியே எல்லோரிடமும் மூட்டு வலி என்று சொல்லிவைத்திருந்தார். வலியை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் வலி இல்லாததை மறைக்க வலியைக் கடன் வாங்கியவர். என்ன செய்வது, மூட்டு வலிக்கிற பயிற்சியாளரை எந்தக் கிளப்பும் வைத்துக்கொள்ளும். தன் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறவரை வைத்துக்கொள்ளுமா? மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மைத்துனனுக்குக்கூட.

மைத்துனன் அடுத்த தெருவில்தான் இருந்தான். மனைவியின் ஒரே தம்பி, முப்பத்தொரு வயது, இவர் பயிற்சி கொடுக்கும் கால்பந்து அணியின் கேப்டன். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அதனால் கிளப்பில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். இவருக்கோ, ஆடிய காலத்திலிருந்து சுவர் என்று பெயர். சுவர் இருந்தால் ஒட்டடை இருக்கத்தானே செய்யும் என்று கிளப் செயலாளர் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லிவிட்டு, அவரே சிரித்துக்கொள்வார். மைதானத்தில் கோச், வீட்டில் மாமா. அந்தக் கோட்டை இருவரும் தாண்டியதே இல்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமும் சாப்பிட வந்தவன் கதவைத் தட்டினான்.

"என்ன மாமா, அதுக்குள்ள சாத்தியாச்சா? நான் வேணா ஒரு மணி நேரம் கழிச்சு வரட்டா?"

"வாயை மூடிட்டுப் போய்த் தட்டு எடுத்து வைடா!" என்று உள்ளிருந்தே கத்தினாள் அக்காக்காரி. அவன் சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. ஒரு காலடி அழுத்தமாக, ஒரு காலடி இழுத்தபடி.

அவள் கையில் பிடித்திருந்த காலை விடவில்லை. "தம்பி நொண்டறான். கவனிச்சீங்களா?"

"ம்."

"செவ்வாய்க்கிழமை சுளுக்குன்னான். சுளுக்குக்கு இவ்வளவு வீங்குமா? ஞாயித்துக்கிழமை ஆடறானா அவன்?"

"டாக்டர் பாத்துக்கறாரு."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இங்க பாருங்க. மரத்துப்போக ஊசின்னு எவனாவது பேச்செடுத்தா எனக்குத் தெரிஞ்சாகணும்."

"யாரும் பேசல."

அது சத்தியமான வார்த்தைதான். யாரும் பேசவில்லை. அந்தத் தொழிலில் அந்த வார்த்தையை யாரும் பேசுவதே கிடையாது.

"இந்த ஒரு காலைப் பாத்துக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு" என்றாள் அவள். "ரெண்டாவதா இன்னொரு காலைக் கொண்டாந்து என் முன்னாடி நிறுத்தாதீங்க. சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

அவர் ஆடியது பதினாலு வருஷம். நடுத் தடுப்பாட்டக்காரர். எதிரணிக்காரன் பந்தோடு வந்தால் இவர் மேல் மோதிவிட்டுத்தான் திரும்பிப் போக வேண்டும். பேப்பர்க்காரர்கள் வைத்த பெயர்தான் சுவர். மூன்றாவது வருஷத்தில் இடது கணுக்கால் போனது. அந்தக் காலத்து டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு நடைமுறை இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் டாக்டர் தோளில் ஒரு மஞ்சள் துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போவார். துண்டு கதவின் மேல் தொங்கும். ஒருவன் எழுந்து பின்னாலேயே போவான். மற்றவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டுவார்கள், நிமிரவே மாட்டார்கள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, எல்லோருக்கும் கயிறு கட்டி முடிந்துவிடும்.

பதினோரு வருஷம் அந்தத் துண்டுக்குப் பின்னால் போனவர் இவர். ஒருவரும் வற்புறுத்தியதில்லை. அப்போதிருந்த பயிற்சியாளர் நல்ல மனுஷர், குரலை உயர்த்தாதவர். டாக்டர் வந்து கேட்டால், "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான். ஒரு கோப்பை, ஒன்பது பதக்கம், இரண்டு ஆபரேஷன். கடைசியில் நரம்பு போயிற்று. அதையும் உடனே யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் திரும்பிவிடும் என்றார்கள்.

காலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை என்பது ஒரு பக்கம். காலில் ஆரம்பித்தது மெல்ல மேலே ஏறிவிட்டதோ என்று சில சமயம் அவருக்குத் தோன்றும். அப்பா செத்தபோது வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார். மகள் படிக்க வெளியூர் கிளம்பிய அன்று, பெட்டியின் பூட்டை மூன்று தடவை சரிபார்த்தார். பயிற்சியாளராகி முதல் வருஷமே அணி கோப்பை வாங்கியது. பையன்கள் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மேலே போகும்போது இவர் பார்த்தது பந்தல் தகரத்தில் இருந்த ஓட்டையை. "மனுஷனா, கல்லா?" என்று மனைவி அழுதுகொண்டே கேட்ட நாட்கள் உண்டு. இப்போது அதையும் கேட்பதில்லை. காலை மட்டும் பார்க்கிறாள்.

இந்த வருஷம் அணி வரிசையாகத் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். சமன் செய்தாலே போதும், தப்பிவிடலாம். செயலாளர் அந்த வியாழனுக்கு முந்தின நாளே, புதன்கிழமை, அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டாமலே பேசினார்.

"இறங்கினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கமிட்டி புது ஆள் பாத்து வெச்சிருக்கு. உங்ககிட்ட மறைக்க விரும்பல."

"சரி" என்றார் இவர்.

"சரியா? அவ்வளவுதானா?" செயலாளருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "கோவப்படுங்க சார், கொஞ்சமாவது."

வெளியே வந்தால் நடைபாதையில் டாக்டர் நின்றிருந்தார். இவர் ஆடிய காலத்து டாக்டர் இல்லை, சின்ன வயசுக்காரர். ஆனால் நின்ற தினுசு அதேதான்: ஒரு தோள் சுவரில், கண் தரையில்.

"கேப்டன் கணுக்கால்ல தசைநார் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு கோச். ஓய்வு கொடுத்தா ஆறு வாரத்துல சரியாயிடும். ஆடினா... ஆட வைக்கலாம். அவன் ஆடறேங்கறான். நீங்கதான் சொல்லணும்."

முடியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வாய் திறந்தது. "நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தோட்டக்காரர் கோல் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரெஸ்ஸிங் ரூமில் தைல வாடையும் ஈர மண் வாடையுமாக இருந்தது. குளியலறைக்குப் போக நாலு படி ஏற வேண்டும். ரெஃபரியிடம் வீரர்கள் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு இவர் உள்ளே வந்தபோது, பத்துப் பேரும் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் நிமிரவில்லை. குளியலறைக் கதவின் மேல் ஒரு துண்டு தொங்கியது. மஞ்சள்கூட இல்லை, நீலக் கட்டம் போட்டது. காலம் மாறிவிட்டது பாருங்கள்.

கதவு திறந்தது. ஒட்டடைக்குச்சி வெளியே வந்தான். நொண்டவில்லை. முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. ஆனால் அந்த நாலு படியையும் அவன் குனிந்து, தன் வலது பாதத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கினான். படி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாதவன்தான் கண்ணால் படி இறங்குவான். அந்த அறையில் அதைக் கவனிக்க ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் கவனித்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்கு கோச். வலியே இல்ல. அழுத்திப் பாருங்க."

குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். புதன்கிழமை தொட்டதற்கே துள்ளிய இடம். இன்றைக்குப் பலகையை அழுத்துகிற மாதிரி இருந்தது. பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார். தோலில் பதிகிற அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தான். அதுவும் அவருக்குப் பழக்கமான கட்டுதான்.

பட்டியல் கொடுத்தாயிற்று என்றாலும் ஆட்டம் தொடங்குவதற்குள் ஒருவனை மாற்ற வழி உண்டு. ரெஃபரியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதற்கு அவருக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தையும் கார்னர் கிக்குக்கு யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பலகையில் எழுதிக் கழித்தார்.

ஆட்டம் ஒன்றும் பெரிய ஆட்டம் இல்லை. இவர்களுக்குத் தோற்கக் கூடாது, எதிரணிக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் எவன் சும்மா இருப்பான்? உயரப் பந்தாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போட்ட பந்தையெல்லாம் ஒட்டடைக்குச்சி தலையால் முட்டித் தள்ளினான். அடேயப்பா, அன்றைக்கு அவன் ஆடின ஆட்டம்! பெஞ்சில் இருந்தவர்கள் தொடையைத் தட்டிக்கொண்டார்கள். பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். தம்பி நொண்டாமல் ஓடுவதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவள் மைதானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே அது அவருக்குத் தெரிந்தது.

இடைவேளையில் கோல் இல்லை. எழுபதாவது நிமிஷத்திலும் இல்லை.

எழுபத்திரண்டாவது நிமிஷத்தில் ஒட்டடைக்குச்சி ஒரு பந்துக்கு எம்பி முட்டிவிட்டுக் கீழே இறங்கினான். வலது கால் நேராக இறங்கவில்லை. பாதம் உள்பக்கமாக மடிந்து, வெளி விளிம்பு தரையில் பட, முழு உடம்பும் அதன் மேல் இறங்கியது. யாராக இருந்தாலும் அங்கேயே சுருண்டு விழுந்து கத்தியிருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து, அதே காலை ஊன்றி, அடுத்த பந்துக்கு ஓடினான். பாதம் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. அவனுக்குத் தெரியவில்லை. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு அடிவயிற்றில் ஏதோ ஒன்று திரண்டு நெஞ்சுக்கு ஏறியது. முதலில் நெஞ்சுவலியோ என்று நினைத்தார். பிறகுதான் புரிந்தது, பயம். அட, இது பயம் அல்லவா என்று அடையாளம் கண்டுகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தனை வருஷம் ஆகியிருந்தது.

"நாலாம் நம்பரை வெளியே எடு" என்றார் உதவிப் பயிற்சியாளரிடம்.

"யாரை? கேப்டனையா? கோச், அவன் ஒருத்தன்தான் நிக்கறான் அங்க!"

"பலகையைத் தூக்குய்யா!"

அந்த மனுஷர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பெஞ்சே எழுந்து நின்றுவிட்டது. எண் பலகை உயர்ந்தது. ஒட்டடைக்குச்சி அதைப் பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு கையை விரித்தான். நெஞ்சைத் தட்டிக் காட்டினான். ரெஃபரி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வெளியே நடந்தான். பெஞ்சைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், நேராக உள்ளே போய்விட்டான்.

எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் ஒரு கார்னர். உயரப் பந்து. ஒட்டடைக்குச்சி நிற்க வேண்டிய இடம் காலியாக இல்லை, அங்கே ஒருவன் நின்றிருந்தான். அவன் தலைக்கு மேல் அரை அடி தள்ளிப் பந்து போனது. கோல்.

அவ்வளவுதான். எட்டு மாத உழைப்பு அரை அடியில் போயிற்று. செயலாளர் மேலே கண்ணாடி அறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். உதவிப் பயிற்சியாளர் தண்ணீர்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். அழுத பையன்களின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, இவர் நடைபாதைக்குள் நுழைந்தார்.

அங்கே அவன் நின்றிருந்தான். இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை.

"ஏன்?" என்றான். "ஏன் எடுத்தீங்க?"

"உன் கால்..."

"என் காலுக்கு என்ன? எனக்கு வலிச்சுதா? நான் சொன்னேனா உங்ககிட்ட?" நெருங்கி வந்தான். மூச்சு முகத்தில் அடித்தது. "யாருக்காகப் போட்டுக்கிட்டேன்னு நெனச்சீங்க? எனக்கு என்ன, அடுத்த வருஷம் எங்கயாவது ஆடிட்டுப் போவேன். உங்க வேலை போகக் கூடாதுன்னுதான் மாமா ஊசி போட்டுக்கிட்டேன்! நானே போய்க் கேட்டுப் போட்டுக்கிட்டேன்!"

அந்த வார்த்தை அந்த நடைபாதையில் அதுவரை ஒலித்ததில்லை. மாமா என்ற வார்த்தையும்தான். பின்னால் வந்துகொண்டிருந்த பையன்கள் அப்படியே நின்றார்கள். இரண்டு பேர் குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தேடினார்கள்.

"இன்னும் பதினெட்டு நிமிஷம்! நின்னிருப்பேன்ல? அந்தப் பந்தை நான் விட்டிருப்பேனா? சொல்லுங்க! எப்பப் பாத்தாலும் இப்படிச் சுவர் மாதிரி நின்னா எப்படி? ஏதாவது சொல்லுங்க மாமா!"

அவர் முகம் அசையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வெறி ஏறியது. சட்டையைப் பிடிக்கப் போகிற மாதிரி இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தான். அப்புறம் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவனுடைய வலது பூட்ஸ் அவருடைய இடது காலின் மேல் இருந்தது. அவர் போட்டிருந்தது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பூட்ஸுக்கு அடியில் இருக்கும் இரும்பு முளை இரண்டு, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் அழுந்திப் பதிந்திருந்தன. துணியில் சிவப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக மிதித்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. வெடுக்கென்று காலை எடுத்தான்.

"ஐயோ... மாமா, உங்க கால்!"

"எந்தக் கால்?" என்றார் அவர்.

கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

அவன் அந்த ஷூவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சாயங்காலம் சாத்துகிற கதவு, தான் அடித்த கேலி, படி இறங்கும்போது கீழேயே பார்க்கிற மாமா, பழைய கணுக்கால், பதினோரு வருஷம். ஒவ்வொன்றாக அவனுக்குள் விழுவது அவன் முகத்தில் தெரிந்தது. சுவரோரம் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். தன் வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். இறுக்கிக் கட்டிய முடிச்சு அசையவில்லை.

"டாக்டர்... ரெண்டு மணி நேரத்துல உணர்ச்சி திரும்பிடும்னாரு" என்றான்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

அதற்குள் மனைவி வந்துவிட்டாள். யார் விட்டார்களோ, வீரர்கள் வாசல் வழியாகவே வந்திருந்தாள். கணவரைத் தம்பிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கைப்பையைத் திறந்து பஞ்சையும் மருந்தையும் எடுத்தாள். ஒன்பது வருஷமாக அவள் கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு, பஞ்சு இல்லாத நாள் கிடையாது. தரையில் உட்கார்ந்து அவருடைய ஷூவைக் கழற்றினாள். நகம் பாதி பெயர்ந்திருந்தது. தம்பியின் பூட்ஸ் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து அதையும் கழற்றினாள். கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. அவள் முன்னால் இரண்டு கால்கள். நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"நான்தான் விட்டேன்" என்றார் அவர். "டாக்டர் கேட்டாரு. வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. மேட்சுக்கு முன்னாடியும் தெரியும். சொல்லல."

அவள் அவர் கட்டைவிரலில் மருந்தை ஊற்றினாள். எரிகிற மருந்து. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பிறகு தம்பியின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செயலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் ஐஸ் பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பையன்கள் குளித்துவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம்.

"அக்கா" என்றான் அவன் திடீரென்று.

"என்னடா?"

"சுண்டுவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

அவன் பல்லைக் கடித்தான். நெற்றியில் வியர்வை பொடித்தது. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வலிக்குதா?" என்று கேட்டார் அவர். குரல் உடைந்திருந்தது. "டேய், சொல்லுடா. நல்லா வலிக்குதா?"

"உயிர் போவுது மாமா!" என்று அலறினான் அவன்.

"அப்பாடா" என்று சொல்லி, அவள் அந்தக் காலின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.